வாத்துக்குக் கொடுத்த குரல்

ஒத்தையாக் குடுக்க மாட்டேன் சார். கோவிச்சுக்காதீங்க. கூஸ் வாத்துன்னா எங்ககிட்ட ஜோடியாத்தான். நீங்க புது வீட்டுக் காவலுக்குக் கேக்குறீங்க, ஒண்ணு போதும்னு உங்களுக்குத் தோணும். முன்ன ஒருத்தர் பட்டுக்கோட்டையிலேருந்து வந்து, கெஞ்சிக் கூத்தாடி ஆணை மட்டும் தூக்கிட்டுப் போனார். இங்க பொட்டை பதினோரு நாள் வேலியோரமாவே நின்னு கத்துச்சு. தீனி எடுக்கல. பாக்க முடியாம நானே பைக்ல கூடை கட்டிக் கொண்டுபோய், அந்தப் பொட்டையையும் அவருகிட்டயே விட்டுட்டு வந்தேன். வாயில்லாத ஜீவன் சார். அதைப் பிரிச்சு வெச்சுட்டு நாம நல்லா இருக்க முடியுமா?

உக்காருங்க. இப்ப எல்லாம் குட்டையில கிடக்கு. தண்ணியில இருக்குறதைப் பிடிக்க முடியாது, நாம ஒரு பக்கம் போனா அது ஒரு பக்கம் போகும். ஆறு மணிக்குப் போய்க் கொட்டகைக்கு ஓட்டிக்கிட்டு வருவேன், அப்ப நல்ல ஜோடியாப் பாத்துப் பிடிச்சுத் தர்றேன். மலரு, சாருக்கு மோர் கொண்டா. இவ என் சம்சாரம், மலர்க்கொடி. என் பேரு கலியபெருமாள், அது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், வீடியோ பாத்துட்டுத்தானே வந்தீங்க.

அந்த வீடியோவுல வெள்ளைச் சட்டை போட்டுக்கிட்டு, வாத்துக் கூட்டத்துக்குப் பின்னால ஒரு பெரியவர் நடந்து வருவாரே, அவரு எங்கன்னு கேட்டீங்கள்ல. அவரு எங்க அப்பா. தை மாசம் தவறிட்டார். இல்ல இல்ல, நீங்க கேட்டதுல ஒண்ணும் இல்ல. வர்றவங்க எல்லாரும் அதைத்தான் கேக்குறாங்க. ஆறு மணிக்கு இன்னும் நேரம் கிடக்கு, சொல்றேன். கேட்டுட்டு என் மேல தப்பு இருக்கான்னு நீங்களே சொல்லுங்க.

நான் பன்னண்டு வருஷம் சிங்கப்பூர்ல வெல்டரா இருந்தேன். திரும்பி வந்ததும் இனி மருந்தடிக்காத விவசாயம்தான்னு முடிவு பண்ணினேன். முதல் வருஷம் களை மண்டிப் போச்சு, ஊரே சிரிச்சுது. அப்புறம்தான் ஒரு பயிற்சியில வாத்து விடுறதைச் சொல்லிக் குடுத்தாங்க. நட்டு இருவது நாள் கழிச்சு வாத்துக் குஞ்சை வயல்ல இறக்கணும். அது களையை மிதிச்சுக் கிளறும், பூச்சி நத்தையெல்லாம் தின்னும், எச்சம் பயிருக்கே உரம். நமக்கு வேலையே இல்ல. ஆனா ஒண்ணு, கதிர் வெளிய வந்ததும் வாத்தை வயலை விட்டு எடுத்துடணும். இல்லேன்னா பாலேறுற கதிரை உருவித் தின்னுடும். இதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க.

வயலுக்கு வாத்து, காவலுக்கு கூஸ். நாலு கூஸ் குஞ்சு வாங்கிட்டு வந்தேன். வளர்த்தது எங்க அம்மா, வேதாம்பாள். அட்டைப்பெட்டியில வைக்கோல் போட்டு, பல்பு தொங்கவிட்டு, குருணையும் பொடிப்பொடியா நறுக்கின கீரையும் வெச்சு வளர்த்தாங்க. கரண்டு போனா நாலையும் முந்தானைக்குள்ள போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாங்க. அதுங்க அவங்களைத் தாய்னே நினைச்சிருச்சு. அம்மா ரேஷன் கடைக்குப் போனா பின்னாலயே நாலும் வரிசையாப் போகும். இந்த நாலு பேரு பேரும் கார்டுல இருக்கான்னு கடைக்காரர் கேப்பார்.

அந்த நாலும் முட்டை வெச்சு, குஞ்சு பொரிச்சுப் பெருகிடுச்சு. கூஸ் எங்க போகுதோ வாத்தும் அங்கதான் போகும். அதனால சாயந்தரம் மொத்தக் கூட்டத்தையும் உள்ள கொண்டுவர, அம்மா வரப்புல நின்னு ஒரு குரல் குடுத்தாப் போதும். பா... பா... பா... வாங்க சாமி, வாங்க, பொழுது போச்சு, வாங்க. அவ்வளவுதான். அங்க கடைசி வயல்ல இருக்குறதெல்லாம் ரெக்கையை விரிச்சுக்கிட்டு ஓடியாரும். வாத்துக்கெல்லாம் என்னம்மா இவ்வளவு மரியாதைன்னு கேலி பண்ணுவேன். மரியாதை குடுத்தாத்தான்டா வீட்டுக்கு வரும்பாங்க.

அப்பா பேரு நாகரெத்தினம். காது போய் எட்டு வருஷம் ஆச்சு. மொத்தமாப் போகல. கோயில் கொட்டு, பஸ் ஹாரன், அந்த மாதிரி பெரிய சத்தம் கேக்கும், பேச்சு கேக்காது. காதுல மாட்டுற மெஷின் வாங்கிக் குடுத்தேன், ஒரே இரைச்சலா இருக்குன்னு கழட்டி மாடத்துல வெச்சுட்டார். அம்மா ஒருத்தங்கதான் அவருகிட்டப் பேசுவாங்க, வாயசைப்பும் கையுமா. மூஞ்சிக்கு நேரா உக்காந்து ரெண்டு பேரும் மணிக்கணக்காப் பேசிச் சிரிப்பாங்க. நம்மளைப் பத்தித்தான் சிரிக்கிறாங்களோன்னு எனக்கு இருக்கும். ஒரு நாள் கேட்டேவிட்டேன். உன்னைப் பத்திப் பேச என்னடா இருக்குன்னாங்க அம்மா.

எல்லாம் நல்லாத்தான் போய்க்கிட்டு இருந்துச்சு. என் தம்பியாலதான் வந்தது. சிவானந்தம்னு பேரு, திருப்பூர்ல பனியன் கம்பெனியில இருக்கான். அவன் சம்சாரமும் அங்கயேதான் வேலை. போன வருஷம் சித்திரையில வந்து, என் பங்கைப் பிரிச்சுக் குடுன்னு நின்னான். ஊர்ல நாலு பெரிய மனுஷங்களை வெச்சு நிலத்தை அளந்து பிரிச்சோம். அன்னிக்கே அப்பா அம்மாவையும் பிரிச்சோம்.

ஏன் சார் அப்படிப் பாக்குறீங்க? எங்க பக்கத்துல இது வழக்கம்தான். ரெண்டு பிள்ளை இருந்தா ஆளுக்கு ஒருத்தரை வெச்சுக்கிறது. ரெண்டு பேரையும் ஒருத்தன் தலையில கட்டுனா அது நியாயமா? அப்பாவுக்கு வயல் தெரியும், வாத்து தெரியும், அதனால அவரு என் பங்கு. தம்பிக்கு ஸ்கூல் போற பொண்ணு இருக்கு, பாத்துக்க வீட்ல ஆள் வேணும், அதனால அம்மா அவன் பங்கு. யாருக்கும் குறை இல்லாம யோசிச்சுப் பிரிச்சது நான்தான். வந்திருந்த பெரியவங்களே கலியபெருமாள் சரியாப் பிரிச்சுட்டான்னு சொல்லிட்டுத்தான் டீ குடிச்சுட்டுப் போனாங்க.

அவங்க ரெண்டு பேரையும் கேக்கலையான்னா, கேட்டா என்ன சொல்லப்போறாங்க? உங்க இஷ்டம்பாங்க. எல்லாம் முடிஞ்சப்புறம், அப்பாவுக்கு நீயே சொல்லிடும்மான்னேன். அவங்ககிட்டதானே அந்தப் பாஷை இருக்கு. அம்மா வைக்கோல் போர் பக்கத்துல அவருக்கு எதிர்ல உக்காந்து கையைக் காட்டிச் சொன்னாங்க. அப்பா முதல்ல சிரிச்சார். விளையாட்டுன்னு நினைச்சார் போலருக்கு. அப்புறம் அம்மா ரெண்டாவது தடவை சொன்னாங்க. நான் அங்க நிக்கல, அளவுக்கல் நட்ட இடத்தைப் பாக்கப் போயிட்டேன்.

ஸ்கூல் தொறக்குறப்போ தம்பி வந்து அம்மாவைக் கூட்டிட்டுப் போனான். கூஸெல்லாம் பஸ் நிக்கிற இடம் வரைக்கும் பின்னாலயே போச்சு. அப்பாதான் குச்சியால மடக்கித் திருப்பி ஓட்டிக்கிட்டு வந்தார்.

அதுக்கப்புறம் எனக்கு வந்த கஷ்டத்தைக் கேளுங்க. புரட்டாசியில நட்டு, ஐப்பசியில வாத்தை இறக்கினேன். சாயந்தரம் ஒண்ணும் வீட்டுக்கு வர மாட்டேங்குது. நான் கத்துனா இன்னும் தள்ளிப் போகுது. அப்பா நீளமா ஒரு மூங்கில் குச்சி வெச்சுக்கிட்டு இந்தப் பக்கம் மடக்குவார், அது அந்தப் பக்கம் போகும். எழுபத்தஞ்சு வயசு, முழங்கால் வேற வலி. சேத்துல ரெண்டு தடவை விழுந்துட்டார். ஒரே வாரத்துல நாய் அஞ்சு வாத்தை அடிச்சுப் போட்டுடுச்சு. எனக்கு ரத்தக்கண்ணீர் வந்துது சார்.

அப்பத்தான் ஒரு யோசனை வந்துச்சு. அந்தத் தூண்ல தொங்குதே ஸ்பீக்கர், பாத்துக்கிட்டே இருக்கீங்களே, அதுதான். தக்காளி வண்டிக்காரன் வெச்சிருப்பானே, ஒரு தடவை பேசி ஏத்திட்டா திரும்பத் திரும்பக் கத்துமே, அதேதான். திருத்துறைப்பூண்டியில வாங்கினேன். அம்மாவுக்குப் போன் போட்டு, வாத்தைக் கூப்பிடுற மாதிரி கூப்பிடும்மான்னேன். லைன் வீடு, பக்கத்துல எல்லாம் சிரிப்பாங்கன்னு வெக்கப்பட்டாங்க. அப்புறம் மொட்டை மாடிக்குப் போய், தண்ணி டேங்க் பின்னால நின்னு கூப்பிட்டாங்களாம். தம்பி பொண்ணு ரெக்கார்டு பண்ணி வாட்ஸ்அப்ல அனுப்புச்சு. அதைக் கார்டுல ஏத்தி இங்க போட்டேன். நடுவுல திருப்பூர்ல போன ஏதோ ஒரு பைக்கோட ஹாரனும் சேந்து கேக்கும்.

முதல் நாள் போட்டேன் சார். ஒரு நிமிஷம் எல்லாம் தலையைத் தூக்கிக்கிட்டு அசையாம நின்னுச்சு. அப்புறம் கூஸ் முன்னால, வாத்து பின்னால, மொத்தமும் ஓடியாருது. ஒண்ணு பாக்கியில்ல. வரப்பு மேல நின்னு நான் கைதட்டினேன். மலரு அழுதா, எதுக்கு அழுவுறேன்னு கேட்டேன், கண்ணைத் துடைச்சுக்கிட்டு உள்ள போயிட்டா.

அந்தக் கூட்டத்துக்குப் பின்னால அப்பாவும் வந்தார். குச்சியை எங்கயோ போட்டுட்டார். வேகமா வந்தார், முழங்கால் வலிக்கிற ஆள் மாதிரியே இல்ல. வந்து அந்தத் தூணுக்குக் கீழ நின்னுக்கிட்டு மேல பாத்துக்கிட்டே இருந்தார். வாத்தெல்லாம் தீனிக்குப் போயிடுச்சு, அவரு போகல. நான் அமத்தினப்புறம்தான் உள்ள போனார்.

மறுநாள்லேருந்து ஒரு வழக்கம் வெச்சுக்கிட்டார். அஞ்சரை மணி ஆனா வாய்க்கால்ல கை கால் மூஞ்சி கழுவிக்குவார். வீட்டுக்கு வந்து வெள்ளைச் சட்டை போட்டு, தலையை வாரிக்கிட்டு, திரும்ப வயலுக்குப் போவார். சத்தம் வந்ததும் வாத்துக்குப் பின்னால நடந்து வருவார். நான் அப்பத்தான் வீடியோ எடுத்துப் போட ஆரம்பிச்சிருந்தேன். கிழவருக்கு வீடியோவுல வர ஆசையைப் பாருன்னு மலருகிட்டச் சொல்லிச் சிரிச்சேன். அந்தச் சட்டையோட நடந்து வர்றதைத்தான் சார் ஒரு லட்சம் பேருக்கு மேல பாத்தாங்க. நீங்களும் அதைப் பாத்துட்டுத்தான் வந்திருக்கீங்க.

போன்ல பேச வெக்கலையான்னு கேப்பீங்க. வெச்சோமே. வாரத்துக்கு ஒரு நாள் வீடியோ கால் போட்டுக் குடுப்பேன். போன் சத்தம் அவருக்கு எட்டாது. சின்னத் திரையில வாயசைப்பும் புரியல, அம்மா கையைக் காட்டுனா கை படத்துக்கு வெளிய போயிடுது. அப்பா சத்தம் போட்டு ஏதோ சொல்லுவார். அங்க அம்மா அழுவாங்க. ரெண்டு நிமிஷம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்துட்டு, போனை என் கையில குடுத்துடுவார். அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

தம்பியும் ஒரு தடவை கேட்டான், பொய் சொல்லக்கூடாது. அப்பாவை ஒரு மாசம் இங்க அனுப்புண்ணேன்னான். வயல்ல வாத்து இறங்கியிருக்கிற நேரத்துல அவரை எப்படி அனுப்புறது? பகல்ல காக்காவும் கீரியும் வரும், ஆள் காவல் இருக்கணும். அம்மாவை ஒரு வாரம் அனுப்புடான்னேன். பொண்ணுக்குப் பரீட்சைன்னான். அப்ப மலரு சொன்னா, அத்தையை நாமளே இங்க வெச்சுக்கலாங்கன்னு. அது எப்படி சார்? அவன் பங்கை வாங்கிக்குவான், ரெண்டு பேரையும் நான் பாக்கணுமா? நாளைக்கு ஊர்ல என்ன பேசுவாங்க, தாயை வளைச்சுப் போட்டுக்கிட்டான்னு பேச மாட்டாங்களா?

அப்பாகிட்ட நான் வாக்குக் குடுத்தேன். எனக்கு அம்மா மாதிரி கை பேசத் தெரியாது, இருந்தாலும் சொன்னேன். மூக்குல விரலை வெச்சு மூக்குத்தி காட்டினேன், அம்மா. பஸ் ஸ்டியரிங் சுத்திக் காட்டினேன். அப்புறம் முழங்கையை நிறுத்தி, விரலைத் தொங்கவிட்டு, கதிர் மாதிரி காட்டினேன். கதிர் வந்ததும் வாத்தை எடுத்துடுவோம், உனக்கு வேலை இருக்காது, அம்மாகிட்டக் கூட்டிட்டுப் போறேன்னு அர்த்தம். புரிஞ்சுக்கிட்டார் சார். நல்லாப் புரிஞ்சுக்கிட்டார்.

அன்னிலேருந்து பயிரைப் பாக்குறதுதான் வேலை. கார்த்திகை மாசத்துலேயே ஒரு தண்டைக் கிள்ளி, நடுவுல நகத்தால பொளந்து, உள்ள கதிர் உருவாயிருக்கான்னு பாப்பார். பயிரைக் கெடுக்காதீங்கப்பான்னு கத்துவேன், அவருக்கு எங்க கேக்கப்போவுது? மாப்பிள்ளைச் சம்பா போட்டிருந்தேன். நீண்ட நாள் பயிரு, அவசரப்பட்டா வராது.

மார்கழி இருவது தேதி வாக்குல ஒரு நாள் காலையில நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கிட்டு இருந்தேன். முன்னால வந்து நின்னார். கையில ஒரே ஒரு கதிரு, பால்கூடப் பிடிக்கல, பச்சையா இருக்கு. அதை என் கையில குடுத்துட்டு, ரெண்டு கையாலயும் ஸ்டியரிங் சுத்திக் காட்டினார்.

அன்னிக்கே வாத்தை வயல்லேருந்து எடுத்துட்டேன். குட்டைக்கு மாத்தினேன். வேலையில நான் சொன்ன சொல் தவற மாட்டேன். ஆனா பொங்கல் கிட்ட வந்துடுச்சு, பொங்கலுக்கு அம்மாவே வர்றதா தம்பி சொல்லியிருந்தான். அப்ப நாம எதுக்கு அங்க போறது? பத்து விரலைக் காட்டினேன், பத்து நாள்னு. தலையாட்டினார். பொங்கலுக்கு அந்தப் பொண்ணுக்குக் காய்ச்சல், அவங்க யாரும் வரல. வெளியூர்லேருந்து நாப்பது பேரு நம்ம பண்ணையைப் பாக்க வர்றதா ஏற்பாடு ஆயிடுச்சு, அப்பா வாத்து ஓட்டுறதைப் பாக்கணும்னு அவங்க தனியாச் சொல்லியிருந்தாங்க. திரும்பவும் பத்து விரலைக் காட்டினேன். இந்தத் தடவை தலையாட்டல. என் கையைப் பிடிச்சு, ஒவ்வொரு விரலாத் தொட்டு மடக்கிப் பாத்துட்டுப் போனார்.

இதுக்கு நடுவுல ஒண்ணு நடந்துச்சு. அதையும் சொல்லிடுறேன். ஒரு நாள் மத்தியானம் பன்னண்டு மணிக்கு அம்மா குரல் கேக்குது. ஓடிப் போய்ப் பாத்தா, அப்பா ஸ்டூல் போட்டு ஏறி ஸ்பீக்கரை எடுத்துக்கிட்டுப் போய், வரப்புல உக்காந்து, காதோட வெச்சு அமுக்கிக்கிட்டு இருக்கார். முடிய முடிய அமுக்குறார். குட்டையில இருந்த மொத்தமும், தீனின்னு நினைச்சுக் கதிர் வந்த வயலுக்குள்ள விழுந்தடிச்சு ஓடியாருது. எவ்வளவு கதிர் போச்சுங்கிறீங்க! அதோட, இந்த மாதிரி பொய்யா ரெண்டு தடவை கூப்பிட்டா, மூணாவது தடவை அதுங்க நம்பாது சார். அப்புறம் அந்தக் குரலுக்கு மதிப்பு இருக்காது. கோவத்துல பிடுங்கினேன். அடிக்கல, கையிலேருந்து பிடுங்கினேன், அவ்வளவுதான். ஸ்டூலுக்கு எட்டாத உசரத்துல ஆணி அடிச்சு மாட்டினேன், இப்ப தொங்குதே, அங்கதான். வயர் இழுத்து, சுவிட்சை மலரு கைக்கு எட்டுற இடத்துல உள்ள வெச்சோம்.

அன்னிக்குச் சாப்பாடு போடறப்ப மலரு சொன்னா. மாமாவுக்கு அதுல அத்தை பேசுறது கேக்குதுங்க, அதான் எடுத்துட்டுப் போயிருக்காரு, அத்தைகிட்டச் சொல்லுங்கன்னு. சரி சொல்றேன்னேன். கேக்கும்னு எனக்கும் தெரியும், அவ்வளவு பெரிய சத்தம் கேக்காம இருக்குமா? சொல்லணும்னுதான் இருந்தேன். அப்ப நாப்பது பேருக்குச் சாப்பாடு, பந்தல், அது இதுன்னு மறந்தே போச்சு. நீங்களா இருந்தாலும் மறந்திருப்பீங்க.

அதுக்கப்புறம் அவரு வயல் பக்கம் போறதை விட்டுட்டார். அஞ்சரைக்குச் சட்டையைப் போட்டுக்கிட்டு வந்து, அந்தத் தூணுக்குக் கீழயே நிப்பார். ஆறு மணிக்கு மலரு போடுவா. முடியுற வரைக்கும் நின்னு கேட்டுட்டுப் போவார்.

நாப்பது பேரும் வந்த அன்னிக்கு நல்ல வெயில். பதினோரு மணிக்கு ஸ்பீக்கரைப் போட்டுக் காட்டினேன். பொய்யாக் கூப்பிடல சார், தீனி தயாரா வெச்சிருந்தேன். அப்பா கொட்டகையில உக்காந்திருந்தவர், சத்தம் கேட்டதும் சட்டையைத் தேடி ஓடினார், பொழுது போயிடுச்சுன்னு நினைச்சுக்கிட்டார் போல. பித்தானைக் கோணலாப் போட்டுக்கிட்டு வந்து நின்னார். எல்லாரும் போன்ல எடுத்தாங்க. சரியா விழலன்னு ஒருத்தர் சொன்னார், இன்னொரு தடவை நடக்க விட்டோம். அப்புறம் பொம்பளைங்க கேட்டாங்கன்னு இன்னொரு தடவை. மூணு தடவைதான். மூணும் நடந்தார். இவங்க வந்துட்டுப் போனதும் திருப்பூர் போறோம்னு நான் சத்தியமா நினைச்சிருந்தேன் சார்.

சாயந்தரம் எல்லாரும் போயிட்டாங்க. ஆறு மணிக்கு மலரு போட்டா. தூணுக்குக் கீழ அப்பா இல்ல. அசதியாப் படுத்திருப்பார்னு நினைச்சேன். வாத்தெல்லாம் பழக்கத்துல தானா வந்துடுச்சு. கூஸ் ஒண்ணுகூட வரல. நான் சொன்னேன்ல, காலையில மூணு தடவை கூப்பிட்டது தப்பாப் போச்சுன்னு திட்டிக்கிட்டே குட்டைக்குப் போனேன். ஒதிய மரத்துல சாஞ்சு உக்காந்திருந்தார். சுத்தி கூஸ் மொத்தமும் நிக்குது, என்னைக் கிட்ட விடாம சீறுது. அப்பா, அப்பான்னு கூப்பிட்டேன். கேக்காதுன்னு தெரிஞ்சும் கூப்பிட்டேன். கையைத் தொட்டப்பத்தான் தெரிஞ்சுது.

அம்மா மறுநாள் வந்தாங்க. நேரா அவரு மூஞ்சிக்கு எதிர்ல உக்காந்து, கையால ஏதோ சொன்னாங்க. ரொம்ப நேரம் சொன்னாங்க. எங்களுக்கு ஒண்ணும் புரியல. எங்களுக்குத்தான் அது தெரியாதே. தம்பி பக்கத்துல நின்னு அழுதான், எனக்கு அவனைப் பாக்கப் பாக்க ஆத்திரம்தான் வந்துது.

பால் தெளிச்சு முடிச்ச அன்னிக்குச் சாயந்தரம். வீட்ல என்ன நடந்தாலும் வாத்தை உள்ள அடைக்கணுமே, நாய்க்குத் துக்கம் தெரியுமா? மலரு சுவிட்சைப் போட்டா. பா... பா... பா... வாங்க சாமி, வாங்க, பொழுது போச்சு, வாங்க. அம்மா உள்ள படுத்திருந்தவங்க, எழுந்து வெளிய வந்தாங்க. கூஸெல்லாம் வந்து அம்மாவைச் சுத்திக்கிச்சு, அவங்க அதுங்களைப் பாக்கல. மேல தொங்குற ஸ்பீக்கரையே பாத்தாங்க. மலரு போய்ப் பக்கத்துல நின்னு, மாமா தினமும் இதுக்குத்தான் அத்தை சட்டை போட்டுக்கிட்டு வந்து நிப்பாருன்னு சொன்னா. ஏன் சொன்னான்னு எனக்குக் கோவம்.

அம்மா என்னைத் திரும்பிப் பாத்தாங்க.

"இது அவருக்குக் கேட்டுச்சாடா?"

"கேட்டுச்சும்மா."

"உனக்குத் தெரியுமா?"

தெரியும்னேன். பொய் சொல்லத் தோணல.

கத்துவாங்கன்னு நினைச்சேன். கத்தல. ஒரு கூஸோட கழுத்தைத் தடவிக்கிட்டே, மெதுவாத்தான் சொன்னாங்க.

"நான் வாத்துக்குன்னுதானேடா நினைச்சேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, சாப்பிட்டீங்களான்னு சேத்துக் கேட்டிருப்பேனே."

அவ்வளவுதான் சார். காரியம் முடிஞ்சதும் தம்பியோட திருப்பூர் போயிட்டாங்க. இங்கயே இரும்மான்னு சொன்னேன், இப்ப ஒருத்தருதானே, நானே பாத்துக்குறேன்னு சொன்னேன். வரலன்னுட்டாங்க. அந்த ஸ்பீக்கரை அதுக்கப்புறம் நாங்க போடல. மூங்கில் குச்சியை எடுத்துக்கிட்டு நானே போய் ஓட்டிக்கிட்டு வர்றேன், ரெண்டு மணி நேரம் ஆகுது.

அன்னிக்கு அம்மாகிட்ட, நல்லாச் சாப்பிட்டாரும்மான்னு ஒரு பதில் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சு. ஆனா அவரு சாப்பிட்டாரா இல்லையான்னு எனக்கு எங்க சார் தெரியும்? அறுவது வாத்து, பதினாலு கூஸ். சாயந்தரம் ஆனா கொட்டகைக் கதவுகிட்ட நின்னு, எல்லாம் உள்ள வந்துடுச்சான்னு ஒண்ணு விடாம எண்ணிக்கிட்டு இருப்பேன்.